கதையில் வந்த கண்டாக்கு யார்?

என் சிறுகதைக்கு எதிராக, தேயிலைத் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஒருவர் வலயக் கல்விக் காரியாலயத்தில் முறைப்பாடு செய்திருக்கிறார். இன்று காலை அதிபரே என்னிடம் சொன்னார்.

"இடமாற்றம்கூட வரலாம் டீச்சர். படிப்பிக்கிறதோட நிப்பாட்டிக்கங்களேன்."

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில், கொழுந்து பறிக்கும் பெண்களை ஏசும் தோட்டத்துக் கண்டாக்கு ஒருவர் அந்தக் கதையில் வருகிறார். அவ்வளவுதான்.

பள்ளி விட்டதும் லிந்துலையில் ஒரு பேக்கரிக்குப் போனேன். முறைப்பாடு செய்த கண்டாக்கு அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கதையில வர்றது நான்தானே டீச்சர்?"

"இல்லீங்க. உங்க தோட்டத்துப் பக்கமே நான் வந்ததில்ல."

"அப்ப நான் பேசுற மாதிரியே எப்படி எழுதுனீங்க?"

"நீங்க அப்படியா பேசுவீங்க?"

பாண் வாங்க வந்திருந்த அக்கா ஒருவர் திரும்பினார். அந்தக் கண்டாக்கு இருக்கும் தோட்டத்திலேயே கொழுந்தெடுப்பவர்.

"நானும் வாசிச்சேன் ஐயா. டீச்சர் கொறைச்சுத்தான் எழுதியிருக்காங்க."

கடையே சிரித்தது. கண்டாக்கு தேநீரை முடிக்காமல் எழுந்து போனார்.

இத்தனை வருடமும் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டேதான் படிப்பித்தேன். அதற்காக ஒரு பாடத்தையும் தவறவிட்டதில்லை. கதைக்காகவும் தவறவிடமாட்டேன், கதையையும் விடமாட்டேன்.

விசாரணை திங்கட்கிழமை. அதற்கு முன், அந்தக் கதையில் தங்களைக் கண்டுபிடித்த வேறு கண்டாக்குமார் இருந்தால் இந்தப் பதிவின் கீழே பெயரைப் பதிந்துவிடுங்கள்.