வலக்காதின் சாட்சியம்

செவிப் பரிசோதனை முடிந்து, அறிக்கைக்காகக் காத்திருந்த அரை மணி நேரத்தில் நான்கு முறை எழுந்து நின்றேன். என் மனைவியோ கைப்பையை மடியில் இருத்தி அசையாது அமர்ந்திருந்தாள். அஞ்சுவதற்கு அவளிடம் எதுவும் இல்லை, என்னிடம் இருந்தது.

நாற்பதாண்டுகளுக்கு முன், அவள் ஊரான ஹனூரில் அவளைப் பெண் பார்க்கச் சென்றபோது, அவளுடைய அண்ணன் என் படைப்பணி குறித்து வினவினார். இலகு இயந்திரத் துப்பாக்கி, அதாவது எல்.எம்.ஜி., என்றேன். "அட! நீங்கதான் சுடுவீங்களா மாப்ளே?" என்றார். நான் தலையசைத்தேன். அந்த ஓர் அசைவே நான் சொன்ன பொய்.

அத்துப்பாக்கிக்கு இருவர் வேண்டும். முதலாம் எண் சுடுவார். இரண்டாம் எண் அவருக்கு இடப்புறம் படுத்து, துப்பாக்கியின் மேற்புறத்தில் செருகிய தோட்டாக்கூட்டை மாற்றுவார். குழல் கொதிப்பேறியதும் அதைக் கழற்றி மாற்றுக்குழலைப் பொருத்துவார். பயிற்சிக் காலத்தில் வளைந்த கூடு கொண்ட பழைய வகை இருந்தது. பிறகு நேரான கூடு கொண்ட திருத்திய வகை வந்தது. வகைகள் மாறின, நான் அந்த இடப்புறத்திலிருந்து மாறவேயில்லை.

பரிசோதித்த இளம்பெண் எங்களை உள்ளே அழைத்தாள்.

"ஆன்ட்டி, அங்கிள் ஆர்மில கன் சுட்டிருக்காங்களா?"

"சும்மா கன்னு இல்லம்மா, எல்.எம்.ஜி.! இவருதான் சுடுவாரு" என்றாள் மனைவி.

"ரைட் ஷோல்டர்ல வெச்சு சுட்டா லெஃப்ட் காதுதான் ஜாஸ்தி போகும். அங்கிளுக்கு ரைட்டுதான் போயிருக்கு. லெஃப்ட் ஹேண்டரா?"

தப்புவதற்கு ஒரு வழி திறந்தது. "இல்லீங்களே, எல்லாம் சோத்தாங்கையிலதான்" என்று மனைவியே அதை அடைத்தாள்.

ஐந்தாம் முறையாக எழுந்து நின்றேன். "நான் சுடலைம்மா. சுடுறவருக்கு எடது பக்கம் படுத்திருந்தேன். ரெண்டாம் நெம்பர்" என்றேன்.

வாயிற்கதவுக்கு வந்தோம். மனைவி கேட்டாள்.

"அப்ப தோட்டாவ மாத்துனது?"

"நான்."

"கொதிக்கிற கொழாய?"

"அதுவும் நான்."

"அவரு படுத்துக்கிட்டு வெரலை மட்டும் ஆட்டுனாராக்கும்?"

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை. வலப்பக்கமாக வந்துகொண்டிருந்தவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து மறுபடியும் சொன்னாள்.

"ஏனுங்க, நீங்கதான் சுட்டீங்கன்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியறாரு எங்கண்ணன். அவருகிட்ட யாரு சொல்றது? நீங்களா, நானா?"

"நானே சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் கொள்ளேகால் வழியாகப் பேருந்தில் வருகிறார். இன்னும் இரண்டு நாள்கள் உள்ளன. எங்கள் விஜயநகர் வீட்டின் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். முதல் வாக்கியம் இன்னும் அமையவில்லை.