இரண்டு அங்குலம்

காலை ஆறு நாற்பது. பிள்ளையார்பட்டி கோயில் வாசலில், செருப்பு விடும் இடத்தில், எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் செருப்பைத்தான் முதலில் பார்த்தேன். குதியே இல்லாத தட்டைச் செருப்பு. எனக்காக அதைப் போட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. என் ஷூவுக்குள் குதியை உயர்த்தும் ரப்பர் அட்டை இருந்தது.

எங்கள் பக்கம் வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதற்கு முன், இரு வீட்டாரும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பார்கள். ஒத்துவராவிட்டால் தெருவுக்குத் தெரியாது. அம்மா போனில் என் உயரத்தை ஐந்தடி நாலு என்று சொல்லியிருந்தார். நான் ஐந்தடி இரண்டு. பிறர் எழுதிய எண்களைச் சரிபார்ப்பது பத்திரிகையில் என் வேலை. இதை நான் திருத்தவில்லை. அட்டை சரிக்கட்டிவிடும் என்று நினைத்தேன். எந்த இடத்துக்குப் போகிறோம் என்பது வாசலில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கும்போதுதான் உறைத்தது.

உள்ளே பெண்ணின் அத்தை, "தம்பி, இங்குட்டு வந்து பக்கத்துல நில்லுங்க, ஒரு நிமிசம்" என்றார். நின்றேன். என் உச்சந்தலை அந்தப் பெண்ணின் பொட்டுக்கு வந்தது.

"அஞ்சடி நாலுன்னு சொன்னீகளே ஆச்சி?"

"வெறும் வயித்தோட வந்திருக்கான்ல" என்றார் அம்மா.

"இட்லி சாப்பிட்டா ஏறிருவாகளோ?"

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தெரியாதபடி முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றார்.

அந்த வாரமே, யாரிடமும் சொல்லாமல், மதுரையில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். வலி இருக்கிறதா, நடக்கச் சிரமமா என்று கேட்டார். இல்லை, உயரம் கூட்ட முடியுமா என்றேன்.

"ரெண்டு கால் எலும்பையும் வெட்டி, உள்ளே கம்பி வச்சு, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் விலக்குவோம். நடுவுல புது எலும்பு வளரணும். ரெண்டு அங்குலத்துக்கு ரெண்டு மாசம். அது இறுக இன்னும் பல மாசம். கிருமி தொத்தலாம், நரம்பு பாதிக்கலாம், கணுக்கால் விறைச்சுப் போகலாம். பழையபடி ஓடுவீங்கன்னு உறுதி சொல்ல மாட்டேன்."

"பலன்?"

"ரெண்டு அங்குலம்."

அறுவைக்குத் தேதி ஒன்றைக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்தவரின் காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். சதைக்குள் கம்பிகள் போயிருந்தன. காலை இரு கைகளாலும் தூக்கி நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

"எங்குட்டு அடிபட்டுச்சு தம்பி?"

"பைக்ல விழுந்துட்டேன்."

"நடந்து வாரீகளே, புண்ணியம்தான். எனக்குக் குத்தவச்சு உக்கார முடிஞ்சாப் போதும்."

காரைக்குடி பேருந்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒருபக்கம், பொட்டிலிருந்து வகிடுவரை ஏறுவேன். அப்போதும் அந்தப் பெண்ணைவிடக் குட்டைதான். மறுபக்கம், மூன்று மாடியை மூச்சு வாங்காமல் ஏறுகிற இரண்டு கால்கள். எந்தப் பக்கம் கனம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பிள்ளையார்பட்டி தாண்டும்வரை மனம் அந்த வகிட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்க்கிறார் என்று தோன்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில நாள் கழித்து மருத்துவமனைக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் விசேஷம் என்றேன். அந்தத் தேதியைக் காத்திருந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.