அக்காவின் நூற்று முப்பத்தெட்டு

இணையப் பக்கங்களை வடிவமைப்பது என் தொழில். முதலில் செய்த பக்கம் எது என்று யாராவது கேட்டால், கல்லூரி விழாவுக்காகச் செய்தது என்று சொல்லி வைப்பேன். அது உண்மையில்லை. நான் முதலில் கைவைத்த பக்கம் என் அக்காவின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் மாமா, அம்மாவின் தம்பி, பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பிளைவுட் தடுப்பு போட்ட ஐந்து கணினிகள். இணைப்புக்காக மோடம் ஒவ்வொரு முறையும் கீச்சென்று கத்தி, இரைந்து, பிறகு பெருமூச்சு விட்டதுபோல் அடங்கும். பள்ளி விட்டதும் அங்கேதான் இருப்பேன். ஒரு படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்கி முடிப்பதற்குள் வீட்டுப்பாடத்தில் பாதியை எழுதிவிடலாம்.

மாமாதான் எனக்கு ‘வியூ சோர்ஸ்’ காட்டிக் கொடுத்தார். எந்தப் பக்கத்திலும் மவுஸின் வலது பொத்தானைத் தட்டினால், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். “மேல தெரியறது சும்மாமா. உள்ள எழுதியிருக்குது பாரு, அதான் பக்கம்” என்பார். பக்கத்தைச் சேமித்து, நோட்பேடில் திறந்து, எழுத்தை மாற்றி, மறுபடி திறந்தால் மாற்றியது தெரியும். இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. பெட்டியை இழுத்து வைத்தால் பக்கம் தானே எழுந்து நிற்கிறது. ஆனாலும் அந்த நோட்பேட் தந்த மகிழ்ச்சியை எதுவும் எனக்குத் தரவில்லை. செய்தித் தளங்களின் தலைப்பை மாற்றி, எங்கள் கணக்கு டீச்சருக்கு ஜுரம் என்று போட்டு ரசித்தவள் நான்.

அந்த ஆண்டு பிளஸ் டூ முடிவுகள் இணையத்தில் வரும் என்றார்கள். காலையிலேயே மாடிப்படி முழுக்கக் கூட்டம். தாமலிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள்கூட இருந்தார்கள். தளம் திணறியது. நான் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்பதால், மாமா என்னைக் கடைசிக் கணினியில் உட்காரவைத்தார். அக்காவின் பதிவெண் என் உள்ளங்கையில் எழுதியிருந்தது.

வீட்டில் அந்த முடிவுக்காக அத்தையும் காத்திருந்தாள். அப்பாவின் அக்கா, திருப்புட்குழியிலிருந்து பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். அத்தை மகனுக்கு சென்னையில் வேலை. பன்னிரண்டாவது தேறிய பெண்தான் வேண்டும் என்று பரீட்சைக்கு முன்பே சொல்லியிருந்தானாம். அதனால் முடிவு வந்ததும் தட்டு மாற்றுவது, ஆவணியில் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். எனக்குப் புதுப் பாவாடை தைத்தாகிவிட்டது.

பத்துப் பதினைந்து முறை முயன்றபின் பக்கம் திறந்தது. மற்ற ஐந்து பாடங்களிலும் அக்கா நூற்று நாற்பதுக்குக் குறையவில்லை. கணக்கில் இருநூற்றுக்கு முப்பத்தெட்டு. கீழே, தோல்வி.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பவளே அக்காதான். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவளிடம் வந்துதான் சந்தேகம் கேட்கும். அவள் கணக்கில் தோற்பாளா? காலையிலிருந்து திணறும் தளம் ஓர் ஒன்றை விழுங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். பக்கத்தைச் சேமித்தேன். நோட்பேடில் திறந்து முப்பத்தெட்டுக்கு முன்னால் ஓர் ஒன்று போட்டேன். தோல்வியைத் தேர்ச்சியாக்கினேன். அச்சடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பொய் சொல்கிறோம் என்று தோன்றவே இல்லை. பிழை திருத்தியதாகத்தான் நினைத்தேன்.

அப்பா தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேருந்து ஓட்டுநரான அவர் அன்று விடுப்பு எடுத்திருந்தார். உடனே போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். அத்தை, அக்காவின் தலையில் பூ வைத்தாள். அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து நான் சிரித்தேன்.

“அத்தை, இது தப்பு. கணக்குல நான் ஃபெயிலு” என்றாள்.

“தாள்ல பாஸுன்னு போட்டிருக்குதேமா” என்றார் அப்பா.

“கூட்டிப் பாருங்கப்பா. மொத்தம் எண்ணூத்தி மூணுன்னு இருக்குது. கணக்குல நூத்தி முப்பத்தெட்டுன்னா தொள்ளாயிரத்தி மூணு வரணும். முப்பத்தெட்டுதான் சரி.”

ஆறு பாடங்களையும் அவள் மனதுக்குள்ளேயே கூட்டியிருந்தாள். கணக்கில் தோற்றதை அப்படி நிரூபிக்கிறாள் என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. மொத்தத்தை மாற்ற மறந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் பார்வை என் பக்கம் திரும்பியது.

அக்கா முந்திக்கொண்டாள். “நெட்டுலயே தப்பா வந்திருக்கும்பா. காலையில இருந்து அது திணறிக்கினுதான் இருக்குதாம்.”

மாமாவை வரவழைத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னைக் காட்டிக் கொடுக்காமல், முப்பத்தெட்டுதான் என்றார். மறுகூட்டலுக்கு எழுதிப் போடலாம் என்றும் சொன்னார்.

“வேணாம் மாமா. நான் என்னா எழுதினேன்னு எனக்குத் தெரியும்” என்றாள் அக்கா.

அத்தை பழத்தை வைத்துவிட்டு, தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆவணியில் அத்தை மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அப்பா அக்காவோடு பேசவே மாதங்கள் ஆயின. அக்டோபரில் கணக்கை மறுபடி எழுதி நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் வாங்கியபோதுதான் வாயைத் திறந்தார். “படிக்கணும்னா படி” என்றார். அடுத்த ஆண்டு அவள் கல்லூரியில் கணிதமே எடுத்தாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, எனக்கு வேலை கிடைத்த பின்தான், அவள் அதைச் சொன்னாள். முப்பத்தெட்டு மதிப்பெண்ணுக்கு அளந்து எழுதிவிட்டு, மீதி இரண்டு மணி நேரம் பேனாவை மூடி வைத்து உட்கார்ந்திருந்தாளாம். அப்படியென்றால் நான் போட்ட அந்த ஒன்று அவளை நேரே ஆவணி மணமேடையில் கொண்டுபோய் விட்டிருக்கும்.

அன்றைக்கோ எனக்கு எதுவும் தெரியாது. சாயங்காலம் வீடு சாவு விழுந்ததுபோல் கிடந்தது. அக்கா மட்டும் மார்ச் மாதக் கேள்வித்தாளை எடுத்துவைத்து, முதல் கணக்கிலிருந்து போட ஆரம்பித்தாள். ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஒன்றையும் அடிக்கவில்லை. கடைசிக் கணக்கை முடித்து இரண்டு கோடு இழுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தபடி, பாவம், இதையெல்லாம் பரீட்சைக்கு முன்னாலேயே படித்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.