கீறல் பொறுக்காத சுந்தரராஜுலு

கண்ணை மூடிக்கொண்டுதான் சுந்தரராஜுலு பெயிண்ட்டைப் பார்ப்பார். விரல்களின் புறத்தைப் பம்புசெட்டின் வயிற்றில் மெல்ல ஓட்டுவார். எங்காவது நூலளவு தடுக்கினால் போதும், சோற்றில் கல்லைக் கடித்த முகம் வந்துவிடும். "பட்டி சரியா உக்காரலைங்க" என்று தனக்குத்தானே மரியாதையாகச் சொல்லிக்கொண்டு உப்புத்தாளை எடுப்பார்.

துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவருடைய தகர ஷெட். கம்பெனிகள் அனுப்பும் பம்புகளின் மேடுபள்ளம் மறையப் பட்டி பூசித் தேய்த்து, ஸ்பிரே அடித்துத் திருப்பி அனுப்புகிறார். இருபத்தாறு வருடத் தொழில். பெயர்த்தகட்டில் பெயிண்ட் படாமல் செய்தித்தாள் ஒட்டி மறைப்பது மனைவி பத்மாவதியின் வேலை. சுந்தரராஜுலுவின் காதில் எப்போதும் ஒரு மெல்லிய பிரஷ் செருகியிருக்கும். சரக்கு ஏற்ற வண்டி வந்ததும் வரிசையைச் சுற்றி ஒரு நடை நடந்து, தென்படும் கீறலுக்கெல்லாம் டச்சப் கொடுத்துவிடுவார். "கீறலோட ஒரு சாமானும் இந்த ஷெட்ட உட்டு வெளிய போனதில்லீங்க" என்பதுதான் அவர் அடித்துக்கொள்ளும் ஒரே தம்பட்டம்.

பதினேழு வயதான அவருடைய மொபெட் இன்னும் புது மாப்பிள்ளை போல மின்னும். கல்யாணத்துக்குப் போனால் மண்டபத்துத் தூணைத் தடவிப் பார்த்த பிறகுதான் மணமக்களைப் பார்ப்பார். "மனுசனத் தடவிப் பாக்காம இருக்கறாரே, அந்த மட்டுக்கும் சந்தோசமுங்க" என்பார் பத்மாவதி.

இப்படிப்பட்டவரிடம்தான் லோகப்பிரியா வந்து சேர்ந்தாள். வெள்ளகோவில் பெண். இங்கே விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். வேடப் போட்டி ஒன்றுக்காக, விண்வெளி வீராங்கனையின் வாள் ஒன்றை ஆறு மாதமாகக் கட்டியிருந்தாள். பக்கத்து லேத்தில் கடைந்த அலுமினியப் பிடி, அதன் மேல் விரல்களை மறைக்கும் கைக்காப்பு, ஒளி ஊடுருவும் குழாயில் அலகு, அதற்குள் எல்.இ.டி. பட்டை. விசையை அழுத்தினால் நீல வெளிச்சம் பிடியிலிருந்து நுனிவரை கடகடவென்று ஏறும். சுந்தரராஜுலு அதை ஒரே நாளில் பதினைந்து தடவை அழுத்திப் பார்த்தார். கேட்டால், "ஒயரு சரியா இருக்குதான்னு பாத்தனுங்க" என்றார்.

அலகுக்குச் செய்தித்தாள் சுற்றி, பிடியிலும் கைக்காப்பிலும் துப்பாக்கிக் கருப்பு நிறம் அடித்தாயிற்று. அதற்குப் பிறகு அவள் ஒரு காகிதத்தை நீட்டினாள். வாளின் படமும், பிடியிலும் கைக்காப்பிலுமாக ஏழு கீறல்களும். முந்நூறு வருடம் பழைய வாளாம். ஏழு சண்டை கண்டதாம். மேடையில் ஒவ்வொரு கீறலையும் தொட்டுக் காட்டி அவள் கதை சொல்ல வேண்டும். மார்க்கே அதற்குத்தான்.

"முன்னூறு வருசத்துல ஒருத்தருக்குக்கூடவா பெயிண்ட் அடிக்கோணும்னு தோணலீங்க அம்மணி?" என்று கேட்டார். அவளே ரம்பத் துண்டால் கீறி முடிக்கும்வரை சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அது சனிக்கிழமை. பெயிண்ட் நன்றாக இறுகட்டும் என்று வாளை ஷெட்டிலேயே விட்டுப் போனாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே சரக்கு வண்டி வந்துவிட்டது. சுந்தரராஜுலு தன் வழக்கமான நடையை நடந்தார். பம்புகள் காயும் அதே கம்பியில் வாளும் தொங்கியது. கை பழக்கத்துக்குப் போனது. பட்டி, உப்புத்தாள், ஸ்பிரே. தொட்டில் பழக்கமே சுடுகாடு மட்டும் என்றால், இருபத்தாறு வருடப் பழக்கத்தைச் சொல்லவா வேண்டும்.

ஒன்பது மணிக்கு வெள்ளித் தோள்கவசமும் கையுறையும் ஊதாச் சடையுமாக லோகப்பிரியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். பின்னாலேயே தெருநாய்கள் குரைத்துக்கொண்டு வந்தன. போட்டி பதினொன்றுக்கு. வாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்ணா... ஏழு சண்டையும் எங்கீங்ணா போச்சு?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்தபடி பம்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். "முன்னூறு வருசத்துச் சண்டைய அரை மணி நேரத்துல சமாதானம் பண்ணிப்போட்டாரு" என்றார் பத்மாவதி. சிரிப்பை அடக்க முந்தானை போதவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏனுங்க, நீங்க அழிச்சத நீங்கதான் போட்டுக் குடுக்கோணும். அந்தப் புள்ள கையில உறையெல்லாம் மாட்டிட்டு நிக்குது பாருங்க."

பாவம், மனிதர் ரம்பத் துண்டை எடுத்தார். பெயிண்ட்டைக் கண்ணை மூடிப் பார்க்கிறவர், முதல் கீறலைக் கண்ணைத் திறந்துகொண்டு போட வேண்டியிருந்தது. போட்டார். பல் கூசியது. இரண்டாவதும் போட்டார். மூன்றாவதில் கை நின்றது.

"இது யாருங்க அம்மணி வெட்டுனது?"

"எதிரிக் கப்பல் தளபதிங்ணா. மேல இருந்து குதிச்சு வெட்டறான்."

"மேல இருந்து வெட்டுனா கீறல் இப்பிடி நேரா உழுகாதுங்க. பம்பத் தூக்கற சங்கிலி மேல இருந்து பம்பு மேல உழுந்தா, மொதல்ல ஒரு குழி. அப்புறந்தான் இழுப்பு." கீறலின் வாயில் ஒரு குழியைத் தட்டினார். விரல் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட் எப்படித் தேயும், விளிம்பில் எப்படிப் பொரிந்து உதிரும், அடியில் பிரைமர் எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருடப் பகையாளியைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யார்? நேற்று வெறும் கோடுகளாக இருந்தவை இன்று காயங்களாக மாறின. கேட்காமலே எட்டாவதாக ஒன்றும் போட்டார். பிடியின் அடியில் ஒரு தேய்மானம். "சண்டை இல்லாத நாள்ல கீழ ஊனி வெச்சிருப்பாங்கல்ல."

லோகப்பிரியா விசையை அழுத்தினாள். நீல வெளிச்சம் ஏறி, கைக்காப்பின் ஒவ்வொரு குழியிலும் மின்னியது. பத்மாவதி மணியைக் காட்டி விரட்டினார்.

ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. "நில்லுங்க அம்மணி, நில்லுங்க!" என்று சுந்தரராஜுலு பின்னாலேயே ஓடினார். கையில் பத்மாவதியின் பழைய நூல் சேலை. வாளை வாங்கி, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல் நாலு சுற்றுச் சுற்றினார்.

"பாத்துப் போங்க கண்ணு. வழியில கீறல் கீது உழுந்துரப் போகுது" என்று சொல்லி, முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.