யாரை வைத்துக்கொள்வார்கள்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். முடிச்சூர், பம்மல் பக்கத்திலிருந்தெல்லாம் காலையில் ரத்த மாதிரிக் குழாய்கள் வந்து இறங்கும். முன்பு பக்கத்து மேசையில் பம்மலிலிருந்து வரும் ஓர் அக்கா இருந்தார். சந்தேகம் வந்தால் குழாயைத் தூக்கிக் காட்டுவேன். "இது ஆவாது, திரும்ப எடுக்கச் சொல்லு" என்பார். அதோடு தீர்ந்தது.

பெரிய கம்பெனி ஒன்று லேபை வாங்கப்போகிறது என்று பேச்சு வந்தது. யாரை வைத்துக்கொள்வார்கள், யாரை அனுப்புவார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதன்பின் அக்காவிடம் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டால் வேலை தெரியாதவள் என்று ஆகிவிடுமோ என்று பயம். சந்தேகம் வந்த குழாயை மறுபடி மெஷினில் வைத்தேன், சந்தேகம் வராததையும் வைத்தேன். ரிப்போர்ட் தாமதமானது. ஏன் தாமதம் என்று போன் வந்தால் அந்தக் குழாயை இன்னொரு முறை வைத்தேன். காலையில் ரயிலேறக் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வரை வந்துவிட்டு, வீட்டைப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி நடந்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை, முதியவர் ஒருவரின் குழாயில் வேறொரு பெண்ணின் பெயர் ஸ்டிக்கரை அக்கா ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பேரைப் பாருங்க."

அவர் குழாயைப் பார்க்கவில்லை. மேனேஜர் அறைக் கதவைத்தான் முதலில் பார்த்தார். "சார் காதுல போட்டுடாத, புண்ணியமாப் போவும்."

"நான் ஏன்க்கா சொல்லப்போறேன்?"

"இப்போ யாரை நம்புறது? ஒழுங்காத் தூங்கி எத்தினி நாளாவுது தெரியுமா."

ஸ்டிக்கரை உரித்துச் சரிசெய்துவிட்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு மேனேஜரிடம் போனேன், ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்ல அல்ல.

"எங்களை வெச்சுப்பாங்களா மாட்டாங்களா, அதை மட்டும் சொல்லுங்க சார். தெரிஞ்சா வேலையையாவது நிம்மதியாப் பார்ப்போம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே தெரியலம்மா. என்னை வெச்சுப்பாங்களான்னு நானும் கேட்டுட்டுதான் இருக்கேன். பதிலே இல்ல."

மறுநாளிலிருந்து ஒருவர் ஒட்டியதை மற்றவர் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். பிழை குறைந்தது. படபடப்பு குறையவில்லை.

புதிய கம்பெனி வருவதற்கு முன்பே அக்கா பம்மலில் இன்னும் சின்ன லேபுக்குப் போய்விட்டார். "இப்போ தூங்குறேன்டி, அது போதும்" என்றார் போனில். என்னை வைத்துக்கொண்டார்கள், ஒப்பந்தத்தில். அதைப் புதுப்பிக்கும் மாதம் நெருங்கினால், ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் உட்காரப் பொறுக்காமல் வாசலோரம் நின்றுகொண்டே போகிறேன்.