நர்சம்மா தலையில் இருந்த சாமந்தி

மத்தியானம் வேலை முடிந்ததும் என் மருமகள் மாத நாவல் படிப்பாள். எனக்கு எழுத்து தெரியாது. அதனால் சத்தமாகப் படிக்கச் சொல்லுவேன். அவள் வாங்கி வருவதில் பாதிக்குமேல் டாக்டர் கதைதான். ஒரு டாக்டர் இருப்பார். பெண்டாட்டி செத்துப்போயிருப்பாள், இல்லாவிட்டால் காதலித்தவள் விட்டுவிட்டுப் போயிருப்பாள். மனசு நொந்து கிடப்பார். ஒரு நர்சு வருவாள். மழை பெய்யும். கடைசிப் பக்கத்தில் கல்யாணம். மருமகள் மூக்கை உறிஞ்சுவாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் மாமா மூஞ்ச இப்படி வெச்சிருக்கீங்க? நல்லாத்தானே முடிஞ்சுது?"

"எங்கம்மா முடிஞ்சுது? ஊர்க்காரன் ஒருத்தனக்கூட கதையில காணோம். அவனுங்கெல்லாம் எங்க போய்த் தொலைஞ்சானுங்க?"

"அப்ப நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்" என்றாள். சொல்கிறேன். திட்டுகிற இடங்களை அவள் மாற்றி எழுதிவிடுவாள் என்று தெரியும். எழுதட்டும்.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, வேட்டித்துணி கிடைக்காது. வத்தல்மலை அடிவாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பேரைச் சொல்ல மாட்டேன், சொல்ல வாய் கூசுகிறது. அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. நான் கல்யாணமாகாத இளவட்டம். மாட்டு வண்டி வைத்திருந்தேன். டாக்டர் வெளியூருக்கு நோயாளி பார்க்கப் போனால் என் வண்டிதான். வலத்து மாடு இண்டூர்ச் சந்தையில் பிடித்தது. நல்ல மாடு, ஆனால் பாலத்தைக் கண்டால் நின்றுவிடும். இறங்கிப் போய் அதன் காதில் ஏதாவது பேசினால்தான் நகரும். டாக்டர் சிரிப்பதை அந்த நேரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பெண்டாட்டி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. பக்கத்தில் இருந்து பிரசவம் பார்த்தது இவரேதான். இதை எனக்குச் சொன்னது ஆஸ்பத்திரி கம்பவுண்டர். அதற்கப்புறம் டாக்டர் பிரசவ அறைக்குள் கால் வைத்ததில்லை. வாசலிலேயே நின்றுகொள்வார். எங்கள் பக்கத்தில் ஆம்பளையை யாரும் உள்ளே விடவும் மாட்டார்கள். அதனால் அவர் பயந்து நிற்கிறார் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

உள்ளே போனதெல்லாம் நர்சம்மாதான். ஓசூர்ப் பக்கம், வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். சின்ன வயசிலேயே தாலி அறுத்தவர். அண்ணன் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கிடந்தவரை ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு வேலை கற்றுக்கொடுத்தார்கள். எப்போதும் வெள்ளைப் புடவை. அது வேலைக்கான வெள்ளையா, விதவை வெள்ளையா என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லாமல் இருந்தது.

வண்டியில் டாக்டர் எனக்குப் பக்கத்தில் உட்காருவார். நர்சம்மா பின்னால், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. நடுவில் மருந்துப்பெட்டி. காதல் என்று இந்தக் கதைகளில் எழுதுகிறார்களே, அந்த மாதிரி எதையும் நான் பார்த்ததில்லை. டாக்டர் சாப்பிடாமல் வந்த நாளில் நர்சம்மா பெட்டிமேல் ஒரு பொரியுருண்டை வைப்பார். டாக்டர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான். ஆனால் பொரியுருண்டை இல்லாத நாளிலும் அந்தக் கை ஒரு தடவை பெட்டிமேல் துழாவும்.

ஒரு நாள் மலையிலிருந்து ஆள் வந்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, கை மட்டும் வெளியே வந்துவிட்டது என்றார்கள். அப்போது மலைக்கு ரோடு ஏது? அடிவாரத்தில் வண்டியை அவிழ்த்துவிட்டு நடந்தோம். பெட்டி என் தலையில்.

டாக்டர் வழக்கம்போல வெளியே நின்றார். உள்ளேயிருந்து நர்சம்மா கூப்பிட்டார். "டாக்டர், உள்ள வாங்க."

"நீங்களே பாருங்க. உங்களால முடியும்."

"முடியாதுன்னுதானே கூப்பிடறேன்! வாசல்ல நின்னு இன்னொருத்தியையும் சாகடிக்கணுமா?"

அப்படி ஒரு வார்த்தையை ஒரு டாக்டரிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பொழுது சாய்கிற நேரத்துக்குப் பிள்ளை கத்தியது. தாயும் பிழைத்தாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை எடுத்தவர்களைக் கம்பளியில் உட்காரவைத்து, சாமைச்சோறு போட்டு, எடுத்தவளுக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்துத்தான் அனுப்புவார்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஆகாதாம். பிள்ளை பெற்றவளின் மாமியார், டாக்டரையும் நர்சம்மாவையும் புருசன் பெண்டாட்டி என்று நினைத்து ஒரே கம்பளியில் உட்காரவைத்தாள். முற்றத்துச் சாமந்தியைக் கட்டிக்கொண்டு வந்தாள். நர்சம்மா தலையை இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க. எனக்குப் புருசன் இல்ல. செத்துப்போயிட்டாரு."

"செத்தவன் என்ன, உன் கொண்டையிலயா குந்தியிருக்கான்? தலையக் காட்டு ஆத்தா. நானே இப்ப ரெண்டாவது ஆளோடதான் பொழைக்கிறேன். எங்கூர்ல யாரும் அதுக்குப் பூவப் பிடுங்கறதில்ல."

வைத்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் இறங்கினோம். வண்டியில் ஏறும்போது நர்சம்மா கையைப் பூவுக்குக் கொண்டு போனார். டாக்டர் சொன்னார்: "இருக்கட்டுமே."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் கேட்டேன். நர்சம்மா கையை இறக்கிவிட்டார்.

நாங்கள் ஊருக்குள் நுழைந்தது சந்தை நாள். நான் சுற்றுவழியில் ஓட்டியிருக்கலாம் என்று அப்புறம் என் அம்மா திட்டினாள். எதற்குச் சுற்ற வேண்டும்? யாரைக் கொன்றுவிட்டு வந்தோம்? இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன். மிளகாய் விற்றவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். அப்படியே சந்தை முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் டாக்டர் நர்சை வைத்திருக்கிறார் என்று ஊர் முடிவு பண்ணிவிட்டது.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். ஊர்ப் பெரியதனக்காரர் நடுவில். கூட்டத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் பிள்ளை எடுத்தது அந்த நர்சம்மாவின் கைதான். அந்தக் கை கழுவிய தண்ணீர்கூட இன்னும் அவனவன் வாசலில் காய்ந்திருக்காது.

"தாலி அறுத்த பொம்பள தலையில பூ எப்படி வந்துச்சு?" என்றார் பெரியதனக்காரர்.

"மலையில வெச்சாங்க" என்றார் நர்சம்மா.

"மலையில வெச்சத மலையிலயே வுட்டுட்டு வந்திருக்கணும்" என்று ஒரு மளிகைக்கடைக்காரன் குரல் கொடுத்தான். சிரித்தார்கள் பாவிகள்.

"சரி, டாக்டரய்யாவே சொல்லட்டும். இவங்க உங்களுக்கு என்னா வேணுங்க?"

டாக்டர் தரையைப் பார்த்தார். நர்சம்மா அவரைப் பார்த்தார். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுய்யா, சொல்லு என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"அவங்க இங்க வேலை செய்யற நர்சு" என்றார்.

எனக்கு ஊர்க்காரர்கள்மேல் வந்த கோபத்தைவிட அவர்மேல் அதிகமாக வந்தது. காலையில் "இருக்கட்டுமே" என்ற வாய்தானே அது?

மறுநாள் நர்சம்மா என் வண்டியில் தகரப்பெட்டியோடு ஏறினார். தருமபுரியில் கிருஷ்ணகிரி பஸ் பிடித்து, பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்கே போகப்போவதாகச் சொன்னார். அழவில்லை. வழியில் வலத்து மாடு பாலத்தில் நின்றபோது, "இந்த மாடாவது பயமா இருக்குன்னு ஒத்துக்குது" என்றார்.

பெட்ரோல் கிடைக்காததால் அந்தக் காலத்து பஸ் கரியில் ஓடும். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று இருக்கும். அதில் கரியைப் போட்டு, ஒருத்தன் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அது சூடேறி வண்டி கிளம்புவதற்குள் ஒரு ஆள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடலாம். அன்றைக்குக் கரி ஈரமோ என்னவோ, புகைதான் வந்ததே தவிர பஸ் அசையவில்லை. அதனால்தான் சைக்கிளில் வந்த டாக்டருக்கு நர்சம்மா கிடைத்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

"போகாதீங்க. நான் உங்களைக் கல்யாணம் பண்ணிக்கிறேன். சேலத்துக்குப் போயிடலாம், அங்க யாருக்கும் தெரியாது."

நர்சம்மா பஸ் படியிலிருந்து இறங்கவில்லை.

"யாருக்கும் தெரியாத ஊர்ல எனக்கு என்ன வேலை? என் புருசன் செத்ததும் என்னை ஒளிச்சு வெச்சாங்க. நீங்களும் ஒளிச்சு வெக்கப் போறீங்களா? என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். நேத்து கேட்டாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

கரி ஊதிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் சைக்கிளை என் வண்டியில் தூக்கி வைத்தார். தகரப்பெட்டியையும் இறக்கி வைத்தார். நர்சம்மா இறங்கி வந்து இந்தத் தடவை முன்னால் உட்கார்ந்தார்.

கோயில் முன்னால் பெரியதனக்காரரும் மற்றவர்களும் ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் இறங்கினார். "நேத்து கேட்டீங்க. இவங்கள நான் கட்டிக்கப் போறேன். நேத்தே சொல்லியிருக்கணும்" என்றார்.

பெரியதனக்காரர் காயை நகர்த்தினார். "உம் ஆட்டம்பா" என்றார் எதிரில் இருந்தவனிடம். அவர்களை அவர் மனுசராகவே மதிக்கவில்லை.

பூசாரி கோயிலைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டான். மலைக்குப் போனோம். பூ வைத்தாளே, அந்தம்மா வீட்டு முற்றத்தில் கல்யாணம். எங்கள் ஊரிலிருந்து போனவன் நான் ஒருத்தன்தான்.

மருமகள் படிக்கிற கதையெல்லாம் இந்த இடத்தில் முடிந்துவிடும். ஊர் அதற்கப்புறம்தான் வேலையை ஆரம்பித்தது. அவர்கள் வீட்டுக்கு வண்ணான் வரக்கூடாது, நாவிதன் வரக்கூடாது, தண்ணீர் எடுக்க ஊர்க்கிணறு கிடையாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். நான்தான் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். காய்ச்சலுக்குக்கூட யாரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை.

பெரியதனக்காரருக்கு ஆம்பளைப் பிள்ளைகளோடு ஒரே ஒரு பெண். தலைப்பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்கு வந்திருந்தாள். வலி எடுத்துப் பிள்ளை இறங்கவில்லை. அவள் கத்தியது ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலேயே நர்சம்மா ஓடினார், பின்னாலேயே டாக்டர். பட்டப்பகல். தெருவே வேடிக்கை பார்த்தது.

பெரியதனக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு முன்னால் நின்றார். "ரெண்டு தாலி கட்டிக்கிட்டவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது."

"என்னை மிதிக்க வுடலைன்னா போகுது. டாக்டர வுடுங்க" என்று நர்சம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் உள்ள வர்றேன். நானே பார்க்கிறேன்" என்றார் டாக்டர். வாசலிலேயே நின்று பழகிய மனுசன், உள்ளே விடச்சொல்லிக் கெஞ்சினார். அந்த ஆள் அசையவில்லை. நான் கதவைத் தள்ளப் போனேன். நாலு பேர் என்னைப் பிடித்துச் சுவரோடு சாத்தினார்கள். உள்ளே சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நர்சம்மா அந்த வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், செத்தவளின் தாய் மாசமாக இருந்த மருமகளைக் கையைப் பிடித்து, சந்தைத்தெரு வழியாகவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். புருசனிடம் கேட்கவில்லை. பெரியதனக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கப்புறம் ஊர்ப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கட்டுப்பாட்டை எவனும் எடுக்கவில்லை, தானாகச் செத்தது. நர்சம்மா எல்லாரையும் பார்த்தார். நானாயிருந்தால் பார்த்திருக்கமாட்டேன். அவருக்கு ஒரு பெண் பிறந்தது. டாக்டரே உள்ளே இருந்து எடுத்தார். சில வருசம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார்கள்.

போன வாரம் டீக்கடையில் பெரியதனக்காரரின் பேரன், வெளியூர் ஆளிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். "அந்தக் காலத்துலயே எங்கூர்ல டாக்டருக்கும் நர்சுக்கும் லவ் மேரேஜுங்க. எங்க தாத்தாதான் முன்ன நின்னு கட்டி வெச்சாரு."

என் கையில் இருந்த டீ அவன் வேட்டியில் விழுந்தது. தவறி விழவில்லை.

"யோவ் பெருசு, என்னாய்யா ஆச்சு உனக்கு?"

"உங்க அத்தை பேரு என்னாடா?" என்று கேட்டேன்.

"எந்த அத்தை? எங்கப்பா கூடப் பொறந்தவங்கெல்லாம் ஆம்பளைங்கதானே" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனிடம் யாரும் சொல்லவே இல்லை.