செவ்வாய்க்கிழமை வடக்கே போன யோகராணி

பாரிசில் எங்கட கடைத்தெருவான லா சப்பலில் யோகராணியைக் காணாத நாள் இல்லை. ஆனால் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். "வெள்ளை வான் ஓடுற அக்கா" என்றால்தான் விளங்கும். ஆள் கட்டை. ஸ்டியரிங்குக்கு மேலால் இரண்டு கண்ணும் ஒரு பொட்டும் மட்டும் தெரியும். விடியமுன்னம் மொத்தச் சந்தையில் முருங்கைக்காயும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு வந்து, இரண்டு கார்களுக்கு நடுவில் ஒரு சாண் இடம் கிடந்தாலும் பின்பக்கமாய் விட்டு நிறுத்திவிடுவாள்.

இப்படிப்பட்டவளைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டார்கள். விழா மலர் அச்சடிக்கிறவர்கள் மாலை போட்ட ஆட்களைத்தான் தேடுவார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, நடந்தது தெரியும். நான் சொல்லச் சொல்ல மகன் எழுதியது இது. பிழை இருந்தால் எழுத்தின் பிழை, நடந்ததில் பிழை இல்லை.

அவள் வன்னிப் பிள்ளை, ஒட்டுசுட்டான் பக்கம். தகப்பனிடம் ஒரு உழவு மெசின் இருந்தது. ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு என்றபடியால் பதினாலு வயதில் அவளே அதில் ஏறி இருந்தாள். மாரியில் சேறு, கோடையில் புழுதி. மெசினின் சில்லு சேற்றில் புதைந்தால் என்ன செய்வதென்று அங்கேயே படித்தவள். சண்டையில் தகப்பனும் போனார், கட்டினவனும் போனான். அதை அவள் பேசமாட்டாள், நானும் பேசப்போவதில்லை. மிஞ்சினது அவளும் தங்கச்சி ரஜனியும். ரஜனி அவுஸ்திரேலியாவில் கரையேற, இவள் பிரான்சுக்கு வந்தாள்.

இங்கே நாலு வருஷம் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினாள். பிறகு பெர்மி எடுக்கப் போனாள், அதுதான் சாரதிப் பத்திரம். பிரெஞ்சில் கேள்வி கேட்கிற சோதனையில் நாலு தரம் பெயில், ஐந்தாம் தரம் பாஸ். ஓடிக்காட்டுகிற சோதனையோ ஒரே தரம். "எங்கே பழகினாய்?" என்று சோதித்த வெள்ளைக்காரி கேட்டாளாம். "வயலில்" என்றாளாம் இவள்.

மரக்கறிக் கடைத் தம்பிராசா முதலில் வேலை கொடுக்க யோசித்தான்.

"பொம்பிளை ஓடினால் தக்காளி நசிஞ்சுபோம்."

"நீங்கள் ஓடினால் ஆளே நசிஞ்சுபோம் அண்ணை. வான் திறப்பைத் தாங்கோ."

அன்று வாங்கின திறப்பு இன்றும் அவள் கையில்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாவிட்டால் அவளின் கதை விளங்காது.

எனக்கு ஒரே தம்பி, மகாலிங்கம். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவன். அம்மா அவனைப் பெற்ற கையோடு கண்ணை மூட, நான்தான் தூக்கி வளர்த்தேன். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்டபோது கிளாலிக் கரையில் ஒரு வள்ளத்தில் ஒரு இடம் மட்டும் மிச்சம் இருந்தது. நான் மகன் நிஷாந்தனைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். "நீ அடுத்த வள்ளத்தில வா" என்று தம்பிக்குச் சொன்னேன். அவன் அடம்பிடித்தான். நான் அதைவிட அடம்பிடித்தேன். அடுத்த வள்ளம் அன்று வரவில்லை. நான் பிறகு பிரான்சுக்கு வந்துவிட்டேன். அவன் எங்கெங்கோ அலைந்து, இந்தியாவில் முகாமில் கிடந்து, கடைசியில் கப்பலில் அவுஸ்திரேலியா போய்ச் சேர்ந்தான். அந்த நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பப் போக விடுவார்களோ தெரியாத விசா அவனுடையது. வேலை, பாலைவனத்துக்கு நடுவில் மண் பாதையோரம் பெற்றோல் அடிக்கிற இடத்தோடு சேர்ந்த ஒரு சாப்பாட்டுக் கடையில். சமையலுக்கு அவன் ஒருத்தன்தான், லீவும் இல்லை.

முப்பது வருஷம். அவனை ஒருக்காத் தொட்டுப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"வீடியோவில பாக்கிறியள்தானே அம்மா" என்றான் நிஷாந்தன்.

"வீடியோவில தலை தடவ ஏலுமோடா?"

அவன் டிக்கெட் விலை பார்க்கத் தொடங்கினான்.

அந்த நேரத்தில்தான் யோகராணி ஒரு மாத லீவில் தங்கச்சியைப் பார்க்க அடிலெய்ட் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். தம்பிராசாவின் கடை வாசலில் போய் நின்றேன். வான் வந்தது.

"பிள்ளை, என்னையும் கூட்டிக்கொண்டு போ."

"அங்கையிருந்து உங்கட தம்பியிட்டை இரண்டரை நாள் ஓட்டம் மாமி."

"நீ ஓடுவாய்."

"நான் ஓடுவன். நீங்கள் இருப்பியளோ?"

"இருப்பன்" என்றேன். இருந்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய சொல் என்று என் இடுப்பு எனக்குச் சொன்னது.

அடிலெய்டில் இறங்கி மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வெளிக்கிட்டோம். ரஜனியின் புருஷனுடைய வாகனம். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். இங்கே பிரெஞ்சுக்காரர் கத்-கத் என்பது அதைத்தான். தண்ணீர்க் கலன், மண்வெட்டி, சட்டலைட் போன் எல்லாம் அவர் ஏற்றிவிட்டார். யோகராணி வீடு முழுக்கத் தேடிப் பத்து வெறும் அரிசிச் சாக்கை மடித்து வைத்தாள். ரஜனி சிரித்தாள்.

"உதென்ன அக்கா, பாலைவனத்தில சந்தை வைக்கப்போறியோ?"

"சாக்கு இல்லாமல் நான் வண்டி எடுக்கிறதில்லை. நீ உன்ர வேலையைப் பார்."

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலைக்கு வாகனம் வேண்டும். ஆனபடியால் செவ்வாய் மத்தியானம் தம்பியிடம் சேர்ந்து, சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் திரும்பவேண்டும். செவ்வாய் பின்னேரம் மழை என்றும் சொன்னார்கள். மழை விழுந்தால் மண் பாதையைப் பூட்டிவிடுவார்களாம். முப்பது வருஷத்துக்கு இரண்டு மணித்தியாலம். அதுவும் கிடைத்தால் பெரிது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

இரண்டாம் நாள் தார் றோட்டு முடிந்தது. பிறகு சிவப்பு. செங்கல்லை இடித்துக் கொட்டினமாதிரி, கண் போகிற தூரம் வரைக்கும் சிவப்பு. வீடு இல்லை, வேலி இல்லை, பனை இல்லை. பாதை கூரைத் தகரம்போல வரி வரியாய்க் கிடந்து வாகனத்தை உலுப்பியது. மெதுவாய்ப் போ என்று நான் கத்தினேன். அவள் இன்னும் வேகமாய் விட்டாள். உலுப்பல் நின்றுவிட்டது!

"மெதுவாய்ப் போனால் ஒவ்வொரு வரியையும் எண்ணிக்கொண்டு போகவேணும் மாமி. கொஞ்சம் விரட்டினால் மேலால பறந்திடலாம்."

மணல் வந்த இடத்தில் இறங்கிச் சில்லுகளில் காற்றைக் குறைத்தாள். அளக்கிற சாமான் இருந்தும் காது வைத்துத்தான் கேட்டாள். கல்லுத்தரை வந்ததும் திரும்ப ஊதினாள். ஒட்டகம் ஒன்று வழிமறித்து நின்றபோது ஹோர்ன் அடிக்கவில்லை. "லா சப்பலில நிக்கிற வான்காரரைவிட இது மரியாதையான ஆள்" என்று காத்திருந்தாள்.

செவ்வாய் விடியற்காலை, கடைசிக் குடியிருப்பிலிருந்து நான் அரைத்தூக்கத்தில் இருக்கவே வெளிக்கிட்டுவிட்டாள். எட்டு மணிபோல காய்ந்த உப்பு வெளி, எங்கட ஆட்கள் தரவை என்பது, அதற்குப் பக்கத்தில் நிறுத்தி வெறும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். பாதி குடித்தபோதுதான் கேட்டேன்.

"இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"எந்தத் திசையில போறம்?"

"வடக்கு மாமி. உங்கட தம்பி வடக்கிலதானே இருக்கிறார்."

கோப்பையைக் கீழே வைத்தேன். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். சின்ன வயதிலிருந்து நான் தப்பாமல் பார்க்கிறது. பால் குடித்துவிட்டு வெளிக்கிட்டால் தோஷம் இல்லை, ஆனால் பால் முதல்நாளே முடிந்துபோயிற்று.

"வெளிக்கிட்டாச்சு மாமி, இனி என்ன சூலம்?"

"நிப்பாட்டினனிதானே. இனித் திரும்ப வெளிக்கிடவேணும். கொஞ்சத்தூரம் கிழக்கே போட்டு, பிறகு வடக்கே திருப்பு."

"கிழக்கில பாதையே இல்லை!"

"பாதை இல்லாட்டி நிலம் இருக்கு. முப்பது வருஷத்துக்குப் பிறகு தம்பியைப் பாக்கப்போறன், சூலத்தில போகமாட்டன். நீ போ, நான் இதிலேயே இருக்கிறன்."

அந்தத் தரவை ஆனையிறவு உப்பளம்போல வெள்ளையாய்க் காய்ந்து கிடந்தது. மேல் பொருக்கை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கிழக்கே திருப்பினாள். இருபது அடி போயிருக்கும். பொருக்கு உடைந்தது. முன்சில்லு இரண்டும் கறுத்தக் களிக்குள் அச்சுவரைக்கும் இறங்கின.

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் இறங்கி வாகனத்தைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். மேற்கே கருக்கட்டின வானத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"குடியுங்கோ. பிறகு கல்லுப் பொறுக்குவம்."

"என்னில கோவம் இல்லையோ பிள்ளை?"

"இருக்கு. சில்லு வெளியில வந்தாப்போல சொல்லுறன்."

பாதையோரம் முழுக்கச் சிவப்புக் கூழாங்கற்கள். அவள் மண்வெட்டியால் களியைத் தோண்ட, நான் சேலை மடியில் கல்லுப் பொறுக்கிக்கொண்டு வந்து அரிசிச் சாக்குகளில் நிரப்பினேன். வாகனத்தைத் தூக்குகிற ஜக்கை வைத்தால் ஜக்கும் புதைந்தது. அதற்கடியில் ஒரு கல்லுச் சாக்கு. சில்லு ஒரு சாண் எழும்ப, சில்லுக்கடியில் ஒரு சாக்கு. பிறகு மற்றச் சில்லு. இலையான் ஈக்கள் கண்ணையும் வாயையும் மொய்த்தன. அவள் உடம்பெல்லாம் களியோடு படுத்துக்கிடந்து வேலை செய்தாள். போன் எடுத்து உதவி கேட்போமா என்றேன். "ஆள் வந்துசேர மழையும் வந்திடும். பிறகு தம்பியை நீங்கள் பாக்கேலாது" என்றாள். அப்போதுதான் விளங்கியது, அவள் வாகனத்துக்காகத் தோண்டவில்லை, எனக்காகத் தோண்டுகிறாள் என்று.

மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போனது. கடைசியில் ஏறி இருந்து, பின்பக்கமாய், பூப்போல எடுத்தாள். சாக்குகள் நெரிந்தன. சில்லு ஒருதரம் வழுக்கிப் பிறகு பிடித்தது. வாகனம் பாதையில் ஏறி நிற்க, கண்ணாடியில் முதல் மழைத்துளி விழுந்தது.

"இனி வடக்கே போகலாமோ மாமி?"

நான் ஏறி இருந்து கதவைச் சாத்தினேன்.

மழை துரத்தத் துரத்த ஓடினாள். பாதை குழம்பாகிக்கொண்டு வந்தது. பின்பக்கம் பாம்புபோல நெளிந்தது. அவள் பிறேக்கைத் தொடவே இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு ஒரு தகரக் கூரை தெரிந்தது. சமையல் ஏப்ரனோடு ஒரு நரைத்த ஆள் மழைக்குள் நின்றார். மழையில் முகம் தெளிவில்லை, யாரோ பெரியவர் என்று நினைத்தேன். என் தம்பி.

இறங்கினேன். அவன் பிடித்துக்கொண்டான். தலையைத் தடவினேன். வீடியோவில் கண்டதைவிட முன்பக்கம் மயிர் கொட்டிப்போயிருந்தது. நெற்றி அதேதான். எவ்வளவோ சொல்ல நினைத்துக்கொண்டு போனேன். அவன்தான் முதலில் வாய் திறந்தான்.

"அக்கா, அடுத்த வள்ளம் நல்லாப் பிந்திப்போச்சு."

நான் அழுதேன். அவன் சிரித்தான். பிறகு அவன் அழுதான். யோகராணி களி அப்பின உடுப்போடு தள்ளி நின்று, வாகனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வந்து அரை மணித்தியாலத்தில் பாதையைப் பூட்டினார்கள். இரண்டு பக்கமும் அடைப்பு. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, ஆறு நாள்! இரண்டு மணித்தியாலம் கேட்ட எனக்கு ஆறு நாள். அவனுடைய குசினியில் நான் சோறும் பருப்பும் சமைத்து அவனுக்குக் கையால் குழைத்துக் கொடுத்தேன். மழை விட்ட பிறகு அந்தச் சிவப்பு நிலத்தில் தவளை கத்தியதையும் இருவரும் இருந்து கேட்டோம்.

யோகராணி அந்த ஆறு நாளும் கோப்பை கழுவினாள், பழுதாய்க் கிடந்த தண்ணி இறைக்கிற பம்பைக் கழற்றித் திருத்தினாள். மூன்றாம் நாள் அவள் போனில் கதைத்தது என் காதில் விழுந்தது. "அழாதை ரஜனி. பதினாலு வருஷம் பொறுத்தனி, இன்னும் கொஞ்ச நாள்தானே. வந்திடுவன். உன்ர அவர் பஸ்ஸில வேலைக்குப் போறாரோ? மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லு." தங்கச்சியை அவள் பதினாலு வருஷத்துக்குப் பிறகுதான் கண்டிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. அவளுக்கென்று கிடைத்த ஒரு மாதத்தில், போக வரப் பன்னிரண்டு நாளை எடுத்து என் மடியில் போட்டிருக்கிறாள்.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டியள்."

"வந்திருப்பன்" என்றேன். பொய் சொல்லக்கூடாதுதானே.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது திரும்பி வந்தாயிற்று. அவள் பழையபடி வெள்ளை வானில். சென்ற செவ்வாய் பியர்ஃபித்துக்கு மரக்கறி கொண்டு போகிறாள் என்று பால் போத்தலோடு போய் நின்றேன். பியர்ஃபித் வடக்கில்தானே.

"இன்னும் விடேல்லையோ மாமி சூலத்தை?"

"ஏன் விடவேணும்? அண்டைக்குக் கிழக்கே போனபடியால்தான் பிந்தினது. பிந்தினபடியால்தான் ஆறு நாள் கிடைச்சுது. நேரத்துக்குப் போயிருந்தால் இரண்டு மணித்தியாலம்தான்."

"களி கிண்டினது நான். பேர் சூலத்துக்கோ?"

தம்பிராசா கடைக்குள்ளிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் பாலை ஒரே மூச்சில் குடித்துப் போத்தலைத் தந்துவிட்டு வானை எடுத்தாள். என் தம்பியின் தலை இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்து தந்தவள் அவள். சூலத்தை நான் விடமாட்டேன். ஆனால் பேர் யோகராணிக்குத்தான். அதனால்தான் அவளின் பெயரை மேலே முதல் வரியிலேயே போடச் சொன்னேன்.